டெலோஸ் தீவுக்குத் தனியாகப் போவதா, சிறு குழுவோடு போவதா?

கிரேக்கத்தின் ஏஜியன் கடலில் இருக்கும் டெலோஸ் தீவில் பயணிகள் இரவு தங்க முடியாது. விடுதி கிடையாது, கூடாரம் அடிக்கவும் அனுமதி இல்லை. காவலர்களையும் அகழாய்வாளர்களையும் தவிர அங்கே குடியிருப்பவர்கள் இல்லை. பக்கத்து மைக்கோனோஸ் தீவின் பழைய துறையில் காலையில் படகு ஏறினால் அரை மணி நேரத்தில் டெலோஸ் வந்துவிடும். பிற்பகல் படகுக்குள் பார்த்து முடித்துக் கிளம்பிவிட வேண்டும். சாதாரணமாகக் கையில் கிடைப்பது மூன்று மணி நேரம், முன்யோசனையோடு போனால் ஐந்து. பார்க்க வேண்டியதோ ஏறக்குறைய மூன்றரைச் சதுர கிலோமீட்டர் தீவில் கண்ணுக்கு எட்டும் தூரமெல்லாம் இடிபாடாகப் பரவிக் கிடக்கும் ஒரு பழங்கால நகரம். வழிகாட்டி தேவையா, குழு தேவையா, பணம் கூடுதலாகக் கொடுக்கலாமா என்ற கேள்விகளுக்கெல்லாம் அடியில் இருப்பது இந்த நேரக் கணக்குதான்.

நான் ஒரே பயணத்தில் இரண்டு முறை டெலோஸுக்குப் போனேன். முதல் முறை தனியாக, சாதாரணப் படகுச் சீட்டும் நுழைவுச்சீட்டும் வாங்கிக்கொண்டு. மூன்று நாள் கழித்து, பன்னிரண்டு பேர் கொண்ட ஒரு சிறு குழுவில், உரிமம் பெற்ற வழிகாட்டியோடு. அக்காவும் அத்தானும் அதே வாரம் நாக்சோஸ் தீவில் தங்கியிருந்து, அங்கிருந்து கிளம்பும் ஒருநாள் கப்பலில் டெலோஸ் பார்த்தார்கள். மூன்று வழிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்பு அப்படி அமைந்தது. கிரேக்கப் பயணத்துக்குத் திட்டம் போடுகிறவர்கள் அடிக்கடி என்னிடம் இதைக் கேட்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் தனியாகப் போன நாள். அதில் பெரிய வசதி இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம். நிழல் கிடைத்த இடத்தில் உட்காரலாம், பிடித்த இடத்தில் அரை மணி நேரம் நிற்கலாம். செலவும் குறைவு. கையில் ஒரு வரைபடம், ஒரு கையேடு, இரண்டு லிட்டர் தண்ணீர். படகிலிருந்து இறங்கியவுடன் கூட்டம் வலது பக்கமும் இடது பக்கமுமாகப் பிரிந்துபோனது. நான் இடது பக்கம் சிங்கங்களை நோக்கி நடந்தேன். புகைப்படங்களில் எல்லோரும் பார்த்திருக்கும் அந்தப் பளிங்குச் சிங்கங்கள் கி.மு. 600 வாக்கில் நாக்சோஸ் மக்கள் காணிக்கையாக நிறுத்தியவை. இப்போது வெளியே வாய் திறந்து உட்கார்ந்திருப்பவை பிரதிகள். உப்புக் காற்று அரித்துவிடக் கூடாது என்று மூலச் சிற்பங்களை அருங்காட்சியகத்துக்குள் எடுத்துச் சென்றுவிட்டார்கள்.

சிங்கங்களுக்கு எதிரே ஒரு பள்ளம். சுற்றிலும் தாழ்வான சுவர், நடுவில் ஒற்றைப் பேரீச்ச மரம், மற்றபடி காய்ந்த புதர். படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன். அங்கிருந்து கோயில் பகுதிக்கு வந்தால், முழங்கால் உயரக் கற்கள். இது கிரேக்கக் கடவுள் அப்பல்லோவின் கோயில், அது இன்னொரு அப்பல்லோ கோயில், பக்கத்தில் மூன்றாவதும் ஒன்று. பெயர்ப்பலகையைப் படிப்பதும் கையேட்டில் பக்கம் தேடுவதுமாக ஒரு மணி நேரம் போனது. ஒரு கட்டத்தில் கற்களைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் பலகைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பது உறைத்தது. நாடக அரங்கத்தை நோக்கி ஏறும் குடியிருப்புத் தெருவுக்கு வந்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. டெலோஸில் மரநிழல் என்று சொல்லத்தக்கது அநேகமாக இல்லை. தெருவின் இரு பக்கமும் ஆள் உயரச் சுவர்கள், வாசல்கள், முற்றங்கள். ஒரு வீட்டில் தலையில்லாத இரண்டு சிலைகள். பலகையில் 'கிளியோபாட்ராவின் வீடு' என்று இருந்தது. எகிப்து ராணி இங்கேயும் தங்கியிருக்கிறாள் போலும் என்று நினைத்துக்கொண்டே மேலே ஏறினேன்.

அன்று மாலை மைக்கோனோஸ் திரும்பியபோது எனக்குள் இருந்தது களைப்பும், எதையோ தவறவிட்ட குறையும்தான். ஒரு பெரிய வீட்டுக்குப் போய்விட்டு, வீட்டுக்காரர்கள் யாரையும் பார்க்காமல் திரும்பியது போல இருந்தது. மறுநாளே மீண்டும் போக நினைத்தேன். காற்று விடவில்லை.

இரண்டாம் முறை, குழுவோடு. பழைய துறையில் சீட்டு விற்கும் கூண்டுக்குப் பக்கத்தில் எங்கள் வழிகாட்டி நின்றிருந்தார். ஐம்பது வயது இருக்கும் அம்மையார். கழுத்தில் அரசு உரிம அட்டை. கிரேக்கத்தில் தொல்லியல் இடங்களில் வழிகாட்டியாகப் பேசுவதற்கு உரிமம் வேண்டும். அதற்கென்று படித்துத் தேறியவர்கள் இவர்கள். படகுச் சீட்டையும் நுழைவுச்சீட்டையும் அவரே கொடுத்தார். நாங்கள் ஏறியது தனிப் படகு அல்ல, முதல் நாள் நான் ஏறிய அதே பொதுப் படகுதான். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் இது முக்கியமாகப் போகிறது.

இறங்கியவுடன் அவர் எங்களைச் சிங்கங்களிடம் கூட்டிக்கொண்டு போகவில்லை. துறைக்கு அருகிலேயே ஒரு கல்லின் மேல் நின்று, கடலுக்கு அப்பால் தெரிந்த ரெனியா தீவைக் காட்டினார். "முதலில் அதைப் பாருங்கள். இந்த ஊரில் செத்தவர்கள் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள்" என்று ஆரம்பித்தார். கி.மு. 426 குளிர்காலத்தில் ஏதென்ஸ்காரர்கள் டெலோஸைத் தூய்மை செய்கிறோம் என்று சொல்லி, அங்கிருந்த கல்லறைகளையெல்லாம் தோண்டி எலும்புகளை ரெனியாவுக்குக் கொண்டுபோனார்கள். இனி இந்தத் தீவில் ஒருவரும் பிறக்கவும் கூடாது, சாகவும் கூடாது என்று விதித்தார்கள். பிரசவ நேரம் நெருங்கிய பெண்ணையும் உயிர் இழுத்துக்கொண்டிருக்கும் கிழவரையும் படகில் ஏற்றி எதிர்க்கரைக்கு அனுப்ப வேண்டும். அப்பல்லோ பிறந்த மண்ணில் மனிதப் பிறப்பும் இறப்பும் தீட்டு. தீட்டு என்றால் என்னவென்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அந்த ஒரு சேதியோடு நடக்கத் தொடங்கியபோது, நான் மூன்று நாள் முன்பு பார்த்த கற்கள் வேறாகத் தெரிந்தன.

பிறகு அந்தப் பள்ளம். பேரீச்ச மரம் நின்ற பள்ளம்தான் புனித ஏரி. தேவர்களின் அரசன் ஜியஸின் பிள்ளைகளைச் சுமந்த லேட்டோ, அவன் மனைவி ஹீராவின் கோபத்துக்குப் பயந்து எந்த ஊரும் இடம் தராமல் அலைந்து, கடைசியில் இந்தச் சிறிய தீவில் ஒரு பேரீச்ச மரத்தைப் பற்றிக்கொண்டு அப்பல்லோவைப் பெற்றாள் என்பது கதை. 1920களில் அகழாய்வுத் தொழிலாளர்களுக்கு மலேரியா பரவாமல் இருக்க ஏரியின் நீரை வடித்துவிட்டார்கள். ஏரி எவ்வளவு பெரிதாக இருந்தது என்று காட்டத்தான் அந்தத் தாழ்ந்த சுவர். கதையின் நினைவாகத்தான் அந்த ஒற்றை மரம். முதல் நாள் என் கையேட்டிலும் இது இருந்திருக்கிறது. அறைக்குத் திரும்பிப் புரட்டியபோது பார்த்தேன். ஆனால் அந்தப் பக்கத்தை அந்த இடத்தில், அந்த நிமிடத்தில் நான் திறக்கவில்லை.

கிளியோபாட்ராவின் வீட்டு வாசலில் எனக்கு வெட்கமாகவே போய்விட்டது. இந்தக் கிளியோபாட்ரா ஏதென்ஸ் பகுதியிலிருந்து வந்து குடியேறிய ஒரு வீட்டுக்காரி. கணவன் பெயர் தியோஸ்கூரிதெஸ். அவன் அப்பல்லோ கோயிலுக்கு இரண்டு வெள்ளி முக்காலிகளைக் காணிக்கை கொடுத்தான் என்பதை ஊருக்குச் சொல்ல, கி.மு. 138 வாக்கில் அவள் தன் வீட்டு முற்றத்தில் சிலை வைத்தாள். எகிப்து ராணி பிறப்பதற்கு ஏறக்குறைய எழுபது ஆண்டுகளுக்கு முன்பு. பீடத்தில் இருந்த எழுத்துகளை வழிகாட்டி விரலால் தொடாமல், காற்றில் கோடிழுத்தபடி ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். "தெருவில் போகிறவர்கள் வாசல் வழியாகப் பார்த்தால் தெரிய வேண்டும் என்றுதான் இந்த இடத்தில் வைத்திருக்கிறாள்" என்று சொல்லி, எங்களைத் தெருவில் இறங்கி நின்று பார்க்கச் சொன்னார். இறங்கிப் பார்த்தோம், தெரிந்தது. கோயிலுக்குக் குத்துவிளக்கு கொடுத்துவிட்டு உபயதாரர் பெயரை அதில் பொறிக்கிற ஊர்களிலிருந்து வந்தவனுக்கு அந்த அம்மாள் அந்நியமாகவே படவில்லை.

இன்னும் மேலே, டால்ஃபின்களின் வீடு. உள்ளே நுழையும் இடத்தில், தரையில் சிறு கற்கள் பதித்த மொசைக்கில் ஒரு சின்ன வடிவம்: முக்கோணம், அதன் மேல் குறுக்குக் கோடு, அதற்கு மேல் ஒரு வட்டம். பெண் குழந்தை கை விரித்து நிற்பதுபோல இருக்கும். உள்முற்றத்தில் இருக்கும் பெரிய மொசைக்கைப் பார்க்கும் அவசரத்தில் முதல் நாள் நான் இதைத் தாண்டிப் போயிருக்கிறேன். அது தானித் என்ற தெய்வத்தின் குறி, இன்றைய லெபனான் கரையில் வாழ்ந்த பினீசியர்களின் தெய்வம். வீட்டைக் காக்க வாசலில் போட்டிருக்கிறார்கள், நம் வாசல் கோலத்தைப் போல. உள்ளே டால்ஃபின் மொசைக்கில் கைவினைஞன் தன் பெயரையும் போட்டிருக்கிறான்: அரதோஸ் ஊர் அஸ்கிளேபியாதெஸ். அரதோஸ் இன்றைய சிரியாவின் கரையில் இருக்கும் ஒரு தீவு. வாசலில் ஒரு குறி, முற்றத்தில் ஒரு கையொப்பம், இரண்டும் கிழக்குக் கரையைக் காட்டுகின்றன. ரோமானியர்கள் கி.மு. 166 வாக்கில் டெலோஸைச் சுங்கமில்லாத துறைமுகமாக அறிவித்த பிறகு இத்தாலியர்கள், சிரியர்கள், எகிப்தியர்கள், யூதர்கள், பெய்ரூட் வணிகர்கள் எல்லோரும் வந்து கடை போட்ட ஊர் இது என்று பலகையில் படிக்கலாம். அந்த வாசற்படியில் நின்று கேட்டால்தான் அது ஒரு வீட்டின் சேதியாகிறது.

நல்ல வழிகாட்டிக்கும் வெறும் பேச்சாளருக்கும் உள்ள வேறுபாட்டை இத்தாலியர் சந்தை முற்றத்தில் பார்த்தேன். டெலோஸ் அடிமை வணிகத்துக்குப் பேர்போன துறை. ஒரே நாளில் பதினாயிரம் அடிமைகளை இறக்கி அனுப்பிவிட முடியும் என்று பண்டைய புவியியலாளர் ஸ்ட்ராபோ எழுதியிருக்கிறார். குழுவில் ஒருவர் "இதுதானே அடிமைச் சந்தை?" என்று கேட்டார். வழிகாட்டி அப்படியே தலையாட்டிவிட்டுப் போயிருக்கலாம், எல்லோரும் திருப்தியாகப் படம் எடுத்திருப்பார்கள். அவர், "சில ஆய்வாளர்கள் அப்படிச் சொல்கிறார்கள், வேறு சிலர் மறுக்கிறார்கள். விற்பனை நடந்தது உறுதி, நடந்த இடம் எது என்பது உறுதியில்லை" என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே நான் கொடுத்த பணம் செரித்துவிட்டது.

ஒரு சின்ன விஷயத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். டெலோஸ் கிரேக்கர்களில் ஒரு பிரிவினரான அயோனியர்களின் பொதுக் கோயில் என்று அவர் சொன்னபோது, எங்கள் மொழியின் பழம்பாடல்களில் கிரேக்க, ரோமானிய வணிகர்களுக்கு யவனர் என்று பெயர், அது அயோனியர் என்ற சொல்லின் வழி வந்தது என்று சொன்னேன். இரண்டு முறை உச்சரிக்கச் சொல்லிக் கேட்டுத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். பன்னிரண்டு பேர் இருக்கும் குழுவில் இந்தப் பேச்சுக்கு இடம் இருந்தது.

அதே நேரத்தில் சிங்க மேடைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கப்பல் குழு வந்து நின்றது. நாற்பது, ஐம்பது பேர் இருக்கும். முன்வரிசையில் இருப்பவர்களுக்கு வழிகாட்டி எதைச் சுட்டுகிறார் என்று தெரியும். பின்வரிசைக்குக் காதில் மாட்டிய கருவியில் குரல் மட்டும் வரும், எந்தக் கல்லைப் பற்றிய பேச்சு என்பது தெரியாது. குடியிருப்புத் தெரு குறுகலானது. ஐம்பது பேர் ஒரு வீட்டுக்குள் நுழைந்து வெளியே வருவதற்குள் கால் மணி நேரம் கரைந்துவிடும் என்பதால் அத்தகைய குழுக்கள் பல வீடுகளை வெளியிலிருந்தே காட்டிவிட்டுப் போகின்றன. குழுவின் அளவு வசதிக்காக மட்டும் பார்க்க வேண்டிய விஷயம் அல்ல. டெலோஸில் எதைப் பார்க்க முடியும் என்பதையே அது தீர்மானிக்கிறது. பதினைந்துக்கு மேல் போனால் நான் அதைச் சிறு குழு என்று சொல்ல மாட்டேன்.

இனி அக்காவும் அத்தானும் போன வழி. நாக்சோஸிலிருந்தும் பாரோஸிலிருந்தும் கோடைக்காலத்தில் ஒருநாள் கப்பல்கள் போகின்றன. காலையில் கிளம்பி டெலோஸில் இறக்கி, பிறகு மைக்கோனோஸ் நகரத்தில் சில மணி நேரம் விட்டு, மாலையில் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பார்கள். ஒரே நாளில் இரண்டு தீவு என்பது கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. மைக்கோனோஸில் அறை எடுக்கும் செலவு பெரிது, அது மிச்சமாகிறது. ஆனால் கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது, டெலோஸில் கிடைக்கும் நேரத்தைக் கூட்டிக்கொள்ளவும் வழியில்லை. அக்காவுக்கு முழங்கால் வலி. மேடு பள்ளமான கல்லில் மெதுவாகத்தான் நடக்க முடியும். கோயில் பகுதியும் சிங்கங்களும் பார்த்து முடிப்பதற்குள் திரும்பும் நேரம் ஆகிவிட்டது, வீடுகளின் பக்கமே போகவில்லை. பயணச் சீட்டில் வழிகாட்டி சேர்த்தி இல்லை என்பது படகில் ஏறிய பிறகுதான் தெரிந்திருக்கிறது. மைக்கோனோஸில் தங்கும் எண்ணமே இல்லாதவர்களுக்கு இது சரியான வழி, போகாமல் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். மைக்கோனோஸில் எப்படியும் இரண்டு இரவு தங்கப் போகிறவர்கள் இதைத் தேர்ந்தெடுக்கக் காரணமே இல்லை.

தனி வழிகாட்டி அமர்த்திக்கொள்வது நான்காவது வழி. நான் செய்து பார்க்கவில்லை என்றாலும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவர்களுக்குக் கட்டணம் பொதுவாகத் தலைக்கு இவ்வளவு என்று இல்லாமல் மொத்தமாக இருக்கும். ஒருவர் இருவருக்குக் கட்டுப்படியாகாது. தாத்தா பாட்டி பிள்ளைகள் என்று ஆறேழு பேராகப் போகும் குடும்பம் பகிர்ந்துகொண்டால், சிறு குழுவுக்குத் தலைக்குக் கொடுக்கும் தொகைக்குப் பக்கத்தில் வந்துவிடும். நடை வேகம் உங்கள் வீட்டுப் பெரியவர்களின் வேகமாக இருக்கும், பிள்ளைகளுக்குப் புரியும்படி சொல்லச் சொல்லலாம். அப்படிப்பட்ட குடும்பத்துக்கு முன்பின் தெரியாதவர்களோடு சேர்ந்து போகும் குழுவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கிரேக்கத் தீவுகளில் எல்லாத் தொல்லியல் இடங்களுக்கும் இதே முடிவுதானா என்றால், இல்லை. ஏஜினா தீவின் அஃபையா கோயிலுக்கு வழிகாட்டி இல்லாமலே போகலாம். பைன் மரக் குன்றின் மேல் தூண்கள் நின்றுகொண்டிருக்கின்றன. கண்ணுக்கு நேராக ஒரு கோயில் தெரிகிறது, அது கோயில் என்று யாரும் சொல்ல வேண்டாம். ரோட்ஸ் தீவின் லிண்டோஸும் அப்படித்தான். படியேறப் போகும் இடத்தில் பாறையில் செதுக்கிய கப்பலின் பின்புறத்தை மட்டும் தவறவிடாமல் இருந்தால் போதும், மீதியை மலையும் கடலும் சொல்லிவிடும். சாந்தோரினியின் அக்ரோதிரியில் எரிமலைச் சாம்பலில் புதைந்த ஊரைக் கூரைக்கு அடியில், நடைபாதை மேல் நின்று பார்க்கிறோம். இரண்டு மாடி வீடுகள் கதவு ஜன்னலோடு தெரிகின்றன. அங்கே வழிகாட்டி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வெறுங்கையோடு திரும்ப மாட்டோம். கிரீட் தீவின் நோசோஸ் அரண்மனையில் அகழ்ந்தவரே சிமெண்டில் பல பகுதிகளைத் திரும்பக் கட்டி வண்ணமும் பூசிவிட்டதால், எது பழையது எது புதியது என்று பிரித்துச் சொல்ல ஒருவர் வேண்டும். ஆனால் டெலோஸ்தான் மிகவும் கடினமான இடம். 1870களிலிருந்து பிரெஞ்சு ஆய்வாளர்கள் தோண்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஒரு புனிதத் தலம், ஒரு வணிகத் துறைமுகம், பல நாட்டவரின் கோயில்கள், நூற்றுக்கணக்கில் வீடுகள், எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. கிரேக்கப் பயணத்தில் ஒரே ஓர் இடத்துக்குத்தான் வழிகாட்டிக்குப் பணம் ஒதுக்க முடியும் என்றால், ஏதென்ஸ் அக்ரோபோலிஸுக்கு ஒதுக்காதீர்கள், டெலோஸுக்கு ஒதுக்குங்கள்.

செலவைப் பற்றி. எனக்குக் குழுப் பயணத்துக்கு ஆன தொகை, தனியாகப் போன நாளின் படகுச் சீட்டும் நுழைவுச்சீட்டும் சேர்ந்த தொகையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. இது சிறிய வேறுபாடு அல்ல, ரூபாயில் மாற்றிப் பார்த்தால் இன்னும் உறுத்தும். ஆனால் விசா, விமானம், அறை, படகு என்று அவ்வளவு செலவழித்து அந்தக் கடலுக்கு நடுவில் போய் நிற்பது வாழ்க்கையில் எத்தனை முறை? மைக்கோனோஸ் துறைமுகத்தில் ஒரு வேளை சாப்பாட்டைக் கைவிட்டு அடுமனையில் இரண்டு கீரை வடை வாங்கிச் சாப்பிட்டால் அந்த வேறுபாட்டில் பாதி வந்துவிடும். நான் அதைத்தான் செய்தேன்.

சிறு குழு என்று முடிவு செய்தாலும் கண்ணை மூடிக்கொண்டு பணம் கட்டிவிடக் கூடாது. முதலில் கேட்க வேண்டியது திரும்பும் படகைப் பற்றி. குழு பொதுப் படகில் போகிறதென்றால், வழிகாட்டி விடைபெற்ற பிறகு நீங்கள் அங்கேயே தங்கி அடுத்த படகில் வரலாமா என்று கேளுங்கள். எங்கள் பயணத்தில் அப்படி வர முடிந்தது. தனிப் படகில் போகும் பயணங்களில் முடியாது, குழு கிளம்பும்போது நீங்களும் கிளம்ப வேண்டும். என்னைப் பொறுத்தவரை முடிவைத் திருப்பும் கேள்வி இதுதான், காரணத்தைக் கீழே சொல்கிறேன். அடுத்து, அதிகபட்சம் எத்தனை பேர் என்று எண்ணிக்கையாகவே கேட்டு வாங்குங்கள். 'சிறு குழு' என்ற சொல்லை எட்டுப் பேருக்கும் போடுகிறார்கள், இருபத்தைந்து பேருக்கும் போடுகிறார்கள். வழிகாட்டி ஒரே மொழியில் பேசுவாரா என்பதையும் கேளுங்கள். இரண்டு மொழியில் மாறி மாறிச் சொல்லும் பயணத்தில் உங்கள் நேரத்தில் பாதி மற்றவர்களுடையது. நுழைவுச்சீட்டு கட்டணத்தில் சேர்த்தியா, காற்றால் படகு நின்றால் பணம் திரும்புமா, வீடுகள் இருக்கும் தெருவுக்குள் போவார்களா என்பவையும் எழுத்தில் இருக்கட்டும்.

இப்போது காரணம். வழிகாட்டியின் நடை இரண்டு, இரண்டரை மணி நேரம். அதற்கு மேல் வெயிலில் நின்று கேட்க யாராலும் முடியாது. அந்த நேரத்தில் கிந்தோஸ் மலைக்குக் குழுக்களைப் பெரும்பாலும் கூட்டிப்போவதில்லை. மலை என்றாலும் உயரம் 112 மீட்டர்தான், படிகள் இருக்கின்றன. அன்று குழு பன்னிரண்டு மணிப் படகுக்கு இறங்கியபோது நான் விடைபெற்றுக்கொண்டு மலையில் ஏறினேன். உச்சியில் நின்று சுற்றிப் பார்த்தால், டெலோஸை நடுவில் வைத்து வட்டமிட்ட மாதிரி தீவுகள் தெரிகின்றன. இந்தத் தீவுக் கூட்டத்துக்குரிய கிக்ளதீஸ் என்ற பெயரே வட்டம் என்ற சொல்லிலிருந்து வந்தது. இறங்கி வரும்போது நாடக அரங்கத்துக்குப் பக்கத்து நீர்த்தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தேன். ஐயாயிரம் பேருக்கு மேல் உட்காரக்கூடிய அரங்கம் அது. அதன் படிகளில் விழும் மழையையெல்லாம் வழித்துக் கொண்டுவந்து இந்தத் தொட்டியில் சேர்த்திருக்கிறார்கள். மேலே வரிசையாகக் கல் வளைவுகள். வற்றாத ஆறில்லாத தீவில் ஒரு நகரம் குடித்த தண்ணீர். பக்கத்து வீடு ஒன்றின் முற்றத்தில் கிணற்று வாய் இருந்தது. பளிங்கு விளிம்பில் கயிறு உரசி உரசி விரல் நுழையும் ஆழத்துக்குத் தடம் விழுந்திருந்தது. ஆச்சி வீட்டுக் கிணற்றுக் கல்லிலும் இதே தடம் உண்டு. ஓர் ஓணான் அதன் மேல் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. இந்தக் கிணற்றை வழிகாட்டி காட்டவில்லை. ஆனால் வீட்டுக்கு அடியில் தொட்டி இருக்கிறது, மழைநீர் அதில் சேர்கிறது என்று அவர் காலையில் சொல்லியிருக்காவிட்டால் நான் அதைத் தேடியிருக்கவும் மாட்டேன்.

ஆகவே என் முடிவு, குழுவா தனியா என்ற கேள்விக்கு 'முதலில் குழு, அப்புறம் தனி, இரண்டும் ஒரே நாளில்'. காலை முதல் படகில் போகும் சிறு குழுவைத் தேர்ந்தெடுத்து, பிற்பகல் கடைசிப் படகில் தனியாகத் திரும்புங்கள். நான் தலைகீழாகச் செய்தேன், தனியாக முதலில் போனதால் அந்த நாள் வீணானது போலவே ஆகிவிட்டது. கோடையில் மாலை 5 மணி வாக்கில் போகும் பயணமும் சில நாட்களில் உண்டு. வெயில் குறைவு, வெளிச்சம் அழகு. ஆனால் நடை முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும் என்பதால் தங்கிப் பார்க்கும் வசதி அதில் இல்லை. வெயில் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மட்டும் அதைச் சொல்வேன்.

யாருக்கு வழிகாட்டியே வேண்டாம்? கிரேக்க வரலாறு ஊறியவர்கள், தீவின் வரைபடத்தை முன்கூட்டியே படித்துவிட்டு வருகிறவர்கள், ஓவியம் தீட்ட வருகிறவர்கள், இரண்டு நாள் ஒதுக்கியிருப்பவர்கள் தனியாகவே போகலாம். நடக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு எந்தக் குழுவும் சரிப்படாது. வழி முழுக்க உருண்ட கல்லும் உடைந்த படியும்தான், சக்கர நாற்காலி போகாது. அவர்கள் துறையை ஒட்டிய சமதளப் பகுதியையும் சிங்க மேடையையும் மட்டும் இலக்காக வைத்துக்கொண்டு சாதாரணச் சீட்டில் நிதானமாகப் போய்வருவது நல்லது.

எந்த வழியானாலும் மூடிய காலணி, தொப்பி, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். தீவில் சாப்பாட்டை நம்ப வேண்டாம், கையில் எடுத்துப் போங்கள். அருங்காட்சியகம் திறந்திருக்கிறதா என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாகக் காற்று. வடக்கிலிருந்து வீசும் இந்தக் கோடைக்காற்றுக்கு மெல்டெமி என்று பெயர். ஜூலை, ஆகஸ்டில் பலம் அதிகம், நான் போன செப்டம்பரிலும் இரண்டு நாள் விடாமல் அடித்தது. படகுகள் நின்றன. பழைய துறையில் சீட்டுக் கூண்டு மூடியிருந்தது, அலை கல்பாவிய பாதையில் ஏறி வந்துகொண்டிருந்தது. மறுநாள் ஊருக்குக் கிளம்ப வேண்டிய ஒரு தம்பதி, நுழைவுச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூண்டுக்கு முன்னால் நின்றிருந்தார்கள். டெலோஸை மைக்கோனோஸில் தங்கும் கடைசி நாளுக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். வந்து இறங்கிய மறுநாள் காலைக்கே குழுவில் இடம் பதிவு செய்யுங்கள், காற்று அடித்தால் தள்ளிப்போட நாள் இருக்கும்.